பழம் அடியில், மாவு மேலே: தலைகீழ் குக்கீ சுடும் முறை

சாதாரண குக்கீயின் தலையில் ஒரு பழத்துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழம் சுருங்கி, ஓரம் கருகி, கடித்தால் தோல் மாதிரி இழுபடும். அதே பழத்தை அடியில் போட்டு மேலே மாவை மூடிச் சுட்டால் கதையே வேறு. வெண்ணெயிலும் சர்க்கரையிலும் பழம் மெல்ல வேகும், அதன் சாறு பாகோடு சேர்ந்து கெட்டியாகும், கவிழ்த்து எடுக்கும்போது மேலே பளபளவென்று நிற்கும். இதுதான் தலைகீழ் குக்கீ. தலைகீழ் கேக்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேக்குக்கு ஒரே பெரிய பாத்திரம், இதற்கு ஆளுக்கொரு சின்னக் குழி.

மாவு சாதாரண வெண்ணெய் குக்கீ மாவுதான். இதுவரை எதையும் பேக் செய்யாதவர்கூட அதைச் சரியாகப் பிசைந்துவிடலாம். சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: பழத்தில் இருக்கும் தண்ணீரில், அப்புறம் கவிழ்க்கும் நேரத்தில். அதனால் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

தட்டு

12 குழி உள்ள மஃபின் தட்டு இருந்தால் போதும். குழியின் அடி சுமார் 5 செ.மீ. அகலம் இருக்கும் வழக்கமான அளவு. தட்டையான தட்டிலும் செய்யலாம், கடைசியில் சொல்கிறேன். ஆனால் முதல் தடவை குழித் தட்டிலேயே செய்யுங்கள். பழச்சாறும் பாகும் ஓடிப் போக வழியில்லாமல் குக்கீயின் அடியிலேயே நிற்கும்.

கேக்குக்குப் போடும் காகிதக் கப்பை இதில் போட வேண்டாம். பாகு காகித மடிப்புக்குள் புகுந்து இறுகிவிடும், பிறகு காகிதத்தையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். சிலிகான் தட்டு இருந்தால் கவிழ்ப்பது சுலபம், ஆனால் சூடு மெதுவாக ஏறும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். கருப்பு உலோகத் தட்டு நேர் எதிர், சீக்கிரமே நிறம் ஏறிவிடும்.

தேவையானவை (12 குக்கீகளுக்கு)

அடியில் போட: வெண்ணெய் 40 கிராம், பிரவுன் சுகர் 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பழத்துண்டுகள் 12 குழிக்குப் போதுமான அளவு.

மாவுக்கு: வெண்ணெய் 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், பிரவுன் சுகர் 40 கிராம், முட்டை 1, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் மாவில் போடும் உப்பை விட்டுவிடுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் 3 மேசைக்கரண்டி பால் ஊற்றலாம். குக்கீ கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும், கவிழ்க்கும்போது கூடுதல் கவனம் தேவை, மற்றபடி ருசியில் குறை ஒன்றும் இல்லை. மைதாவை எடை பார்த்துப் போடுவது நல்லது. தராசு இல்லையென்றால் மாவைக் கரண்டியால் கப்பில் அள்ளிப் போட்டு மேலே வழித்து, ஒன்றரை கப் எடுங்கள். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் அளவு கூடிவிடும், குக்கீ கல்லாகிவிடும்.

எந்தப் பழம்?

அன்னாசியும் ஆப்பிளும்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. இரண்டும் சூட்டில் வடிவம் குலையாமல் நிற்கும், புளிப்பும் இருக்கிறது. சர்க்கரைப் பாகுக்கு எதிராக அந்தப் புளிப்பு இல்லையென்றால் இரண்டாவது குக்கீயே திகட்டிவிடும். பேரிக்காய், பிளம்ஸ், பீச் எல்லாமும் நன்றாக வரும், பழுத்துக் குழைந்ததாக இல்லாமல் தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். வாழைப்பழம் சுலபமானது, ஆனால் இனிப்போடு இனிப்பு. மேலே நாலு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடும். தர்பூசணி, முலாம்பழம் பக்கம் போகவே வேண்டாம்.

ஏன் என்றால், தண்ணீர். ஆப்பிளிலும் அன்னாசியிலும் 100 கிராமுக்கு 85 கிராம் போலத் தண்ணீர்தான். ஸ்ட்ராபெர்ரியிலும் தர்பூசணியிலும் அது 90 கிராமைத் தாண்டும். குழிக்குள் தண்ணீர் தேங்கி இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே நின்றுவிடும், மேலே ஏறாது. நாம் போட்ட சர்க்கரை பழுப்பாகி கேரமல் வாசனை வர 160 டிகிரியாவது வேண்டும். ஆக, ஈரமான பழத்தைப் போட்டால் நீங்கள் சுடுவது குக்கீ இல்லை, பழத்தை வேகவைக்கிறீர்கள். கவிழ்த்தால் வெளிறிய பழமும், சொதசொதவென்று ஊறிய மாவும்தான் கிடைக்கும்.

எனக்கு இது முதல் தடவையே நடந்தது. டின்னில் வந்த அன்னாசி வளையங்களை எடுத்து, சாறு சொட்டச் சொட்ட அப்படியே குழிகளில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது மேல்பக்கம் பொன்னிறமாக அவ்வளவு அழகாக இருந்தது. கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும் என்று. சாப்பிட்டோம், அது வேறு விஷயம்.

அதனால் டின் அன்னாசி என்றால் சல்லடையில் வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு லேசாக அழுத்தி, 20 நிமிடம் விடுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள். புதுப்பழம் என்றால் 5 மி.மீ. கனத்தில் நறுக்கி, எண்ணெய் எதுவும் விடாமல் தோசைக்கல்லிலோ வாணலியிலோ பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சுட்டு எடுத்தால் வேலை முடிந்தது. கல்லில் சுர்ரென்று சத்தம் கேட்கும். அது தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கி, துண்டின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு ஏறும்போது எடுத்துவிடலாம்.

ஆப்பிளுக்கு இந்தப் பாடு தேவையில்லை. தோலோடு 3 மி.மீ. கனத்தில் நறுக்கினால் போதும். கத்தியில் அவ்வளவு மெல்லிசாக வராவிட்டால் சிப்ஸ் சீவும் கட்டையில் சீவுங்கள். நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுகிறதே என்று பதற வேண்டாம், எப்படியும் பழுப்புப் பாகில்தான் கிடக்கப்போகிறது. ஆரஞ்சு வட்டங்கள் பார்க்க ரொம்ப அழகு, ஆனால் தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். சர்க்கரைத் தண்ணீரில் 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, தோல் கண்ணாடி போல ஆனதும் எடுத்து, ஆறவைத்து, துடைத்துப் போட்டால் கசப்பு அடங்கும். பெர்ரிப் பழங்கள்தான் வேண்டும் என்றால் ஒரு குழிக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவற்றைக் கொஞ்சம் சோள மாவில் புரட்டிப் போடுங்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்த பழத்தை முழுதாக உருகவிட்டு, வடித்து, அப்புறம்தான் தொட வேண்டும்.

மாவு

100 கிராம் வெண்ணெயும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. அதில் இரண்டு சர்க்கரையையும் போட்டு, மரக்கரண்டியாலோ பீட்டராலோ இரண்டு மூன்று நிமிடம் குழையுங்கள். நிறம் ஒரு சுற்று வெளுத்தால் போதும், கேக்குக்குச் செய்வது போல நுரைக்க அடிக்க வேண்டியதில்லை. அதிகம் அடித்தால் குக்கீ உப்பிப் பிறகு அமுங்கும். முட்டையையும் வெனிலாவையும் சேர்த்துக் கலக்குங்கள். முட்டை குளிர்ந்திருந்தால் கலவை திரிந்தாற்போலத் தெரியலாம், மைதா விழுந்ததும் சேர்ந்துவிடும்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்துச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் வரைக்கும் மட்டும் கலக்குங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல இழுத்துப் பிசைந்தால் மாவில் இழுவை வந்து குக்கீ ரப்பராகும். மூடி ஃப்ரிட்ஜில் 30 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது, பாகின் மேல் வைத்ததும் கரைந்து கலக்காது. ஓவனை இந்த நேரத்தில் 180 டிகிரியில் போட்டுவிடலாம். காற்றாடி உள்ள ஓவன் என்றால் 160 போதும்.

அடுக்குவது

40 கிராம் வெண்ணெயை உருக்கி, ஒவ்வொரு குழியிலும் முக்கால் தேக்கரண்டி விடுங்கள். மீதமிருந்தால் பிரஷ்ஷால் குழியின் சுவரில் பாதி உயரம்வரை தடவுங்கள். பிரவுன் சுகரில் உப்புச் சிட்டிகையைக் கலந்து, குழிக்கு ஒரு தேக்கரண்டி தூவுங்கள். தட்டை மேசையில் ஒரு தட்டு தட்டினால் சர்க்கரை சமமாகப் பரவும்.

அதன் மேல் பழம். இங்கேதான் ஒரு சின்ன மனக்கணக்கு: குழியின் அடியில் படும் பக்கம்தான் நாளை, இல்லை, இன்னும் அரைமணி நேரத்தில், மேல்பக்கம். அழகான முகத்தைக் கீழே பார்க்க வையுங்கள். அன்னாசி வளையம் குழியைவிடப் பெரிதாக இருக்கும், நாலாக வெட்டி இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆப்பிள் என்றால் மூன்று பிறைகளை ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருப்பது போல விசிறியாக வைக்கலாம். நடுவில் ஒரு செர்ரி வைப்பதாக இருந்தால் கொட்டை எடுத்தது, நன்றாகத் துடைத்தது. ஓர் அடுக்குக்கு மேல் பழம் வேண்டாம். ஆசைப்பட்டு இரண்டு அடுக்கு போட்டால் மறுபடி அந்தத் தண்ணீர்க் கதைதான்.

மாவை 12 உருண்டையாக்குங்கள், ஒன்று 35 கிராம் வரும், எலுமிச்சம்பழ அளவு. உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக்கி, குழியின் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வட்டமாகச் செய்து, பழத்தின் மேல் படுக்க வையுங்கள். விரல் நுனியால் ஓரத்தை மட்டும் மெதுவாகச் சமன் செய்தால் போதும். கட்டைவிரலால் அமுக்கினால் அடியில் இருக்கும் சர்க்கரையும் வெண்ணெயும் பிதுங்கி, சுவர் வழியாக மேலே ஏறி, அங்கேயே கருகும். கவிழ்க்கும்போது அந்தக் கருகல்தான் குக்கீயைப் பிடித்துக்கொள்ளும்.

ஓவனில்

தட்டை ஓவனின் கீழ்ப்பாதியில் வையுங்கள். குக்கீயின் முகம் அடியில் இருப்பதால் அடிச்சூடு முக்கியம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வையுங்கள். மேல் கம்பி மட்டும் எரிந்தால் மாவு வெந்துவிடும், பழம் பச்சையாக இருக்கும். கன்வெக்ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் என்றால் கன்வெக்ஷனில் மட்டும், அதன் தாழ்வான கம்பித் தாங்கியில் வைத்துச் சுடுங்கள். மைக்ரோவேவ் முறையில் உலோகத் தட்டை வைக்கவே கூடாது.

நேரம் 16 முதல் 18 நிமிடம். ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். முகப்பு எண் 180 காட்டினாலும் உள்ளே 165 இருக்கும் ஓவன்கள் உண்டு, 200 இருக்கும் ஓவன்களும் உண்டு. 14ஆவது நிமிடத்தில் கண்ணாடி வழியாகக் குழிகளின் விளிம்பைப் பாருங்கள். மாவுக்கும் தட்டுக்கும் நடுவே பாகு சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கும். தொடக்கத்தில் குமிழ்கள் வேகமாக, தண்ணீராக, வெளிறி இருக்கும். தயாராகும்போது அவை மெதுவாகும், கனமாகும், தேன் நிறத்துக்கு வரும். மாவின் மேல்பக்கமும் நல்ல பொன்னிறமாக இருக்க வேண்டும். சாதாரண குக்கீயை ‘கொஞ்சம் முன்னாடியே எடு’ என்பார்கள், இதில் அது செல்லாது. இப்போது மேலே தெரிவதுதான் நாளை பாகையும் பழத்தையும் தாங்கப்போகும் அடிப்பகுதி, அது உறுதியாக வேகவேண்டும்.

பழத்தைத்தான் கண்ணால் பார்க்க முடியாதே? அதற்கு ஒரு வழி. முதலில் ஒரே ஒரு குழியில் மட்டும் அடுக்கி, மற்ற மாவை ஃப்ரிட்ஜிலேயே விட்டு, ஒரு சோதனைக் குக்கீ சுடுங்கள். கவிழ்த்தால் பழம் வெளிறியிருக்கிறதா? அடுத்ததற்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கருகலா? தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள். 12 குக்கீயையும் ஒரேயடியாகக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல், தவிர சுடுபவருக்கு ஒரு குக்கீ இலவசம்.

கவிழ்ப்பது

வெளியே எடுத்ததும் 3 நிமிடம் காத்திருங்கள். உடனே கவிழ்த்தால் பாகு தண்ணீராக ஓடும், வெந்த மாவும் உடையும். 10 நிமிடம் விட்டால் பாகு இறுகிப் பழத்தைத் தட்டோடு ஒட்டிவிடும். முதல் நிமிடத்தில் குமிழ்கள் அடங்கும், இரண்டாவது நிமிடத்தில் குக்கீயின் ஓரம் சுவரை விட்டு மயிரிழை விலகும். அந்த இடைவெளியில் மரக்குச்சியையோ மழுங்கலான பிளாஸ்டிக் கத்தியையோ விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். குக்கீ குழிக்குள்ளேயே லேசாகத் திரும்பினால் அடி விட்டுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது மஃபின் தட்டின் மேல் பட்டர் பேப்பர் விரித்த ஒரு தட்டையான தட்டைக் கவிழ்த்து வைத்து, இரண்டையும் தடிமனான துணியால் சேர்த்துப் பிடித்து, தயங்காமல் ஒரே வீச்சில் புரட்டுங்கள். பாதியில் யோசித்தால் குக்கீகள் சரிந்து ஒரு பக்கமாகக் குவியும். கீழே வைத்ததும் தூக்கிவிடாமல், அடிப்பக்கத்தில் கரண்டியால் நாலு தட்டு தட்டி, பத்து விநாடி விட்டு, அப்புறம் நேராக மேலே தூக்குங்கள். ஓரிரு பழத்துண்டு குழியிலேயே தங்கியிருக்கும், எப்போதும் ஒன்றிரண்டு தங்கும். கரண்டியால் எடுத்து, அதனதன் இடத்தில் வைத்து அழுத்தினால் பாகு இறுகும்போது யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். உருகிய சர்க்கரை கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். முழங்கைவரை மூடிய உடையோடு செய்யுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பட்டுவிட்டால் ஐஸ் வைக்காமல், குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

நேரம் தவறி எல்லாம் ஒட்டிக்கொண்டதா? தட்டை மறுபடி ஓவனில் 2 நிமிடம் வையுங்கள், பாகு இளகும். கத்தியால் குடைவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கவிழ்த்த குக்கீகளைப் பத்து நிமிடத்தில் கம்பி ரேக்குக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடியில் வேர்த்து ஈரமாகும். அரைமணி நேரம் ஆறினால் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். சுடச்சுடச் சாப்பிட்டால் நாக்கு வெந்துவிடும் என்பதைச் சொல்லிவிட்டேன், கேட்பவர்கள் குறைவு.

தட்டையான தட்டில் செய்ய

பட்டர் பேப்பர் விரித்து, அரைத் தேக்கரண்டி பிரவுன் சுகரைச் சின்ன வட்டமாகத் தூவி, இரண்டு துளி உருகிய வெண்ணெய் விட்டு, ஒரே ஒரு மெல்லிய பழ வட்டத்தை வையுங்கள். மேலே 5 மி.மீ. கன மாவு வட்டம். அது பழத்தைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும், ஓரத்தைச் சுற்றிலும் காகிதத்தோடு அழுத்தி மூடுங்கள். குக்கீக்கும் குக்கீக்கும் 5 செ.மீ. இடைவெளி. 12 நிமிடம் தாண்டியதும் பார்க்க ஆரம்பியுங்கள். இதைத் தட்டோடு கவிழ்க்க வேண்டியதில்லை. 5 நிமிடம் ஆறவிட்டு, ஒவ்வொன்றாகக் காகிதத்தோடு திருப்பி, காகிதத்தை உரித்தால் போதும். ஆப்பிளுக்கும் வாழைக்கும் இது நன்றாக இருக்கிறது. அன்னாசிக்குக் குழித் தட்டுதான் என் ஓட்டு.

மிச்சம் இருந்தால்

இது டப்பாவில் இரண்டு வாரம் கிடக்கும் குக்கீ இல்லை. பழத்தின் ஈரம் மெதுவாக மாவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், மறுநாள் கேக் போல மெத்தென்று ஆகிவிடும். சுட்ட அன்றே சாப்பிடுவது உத்தமம். மிஞ்சியதை முழுதாக ஆறிய பிறகு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சாப்பிடும் முன் 150 டிகிரியில் 5 நிமிடம் காட்டினால் ஓரத்துக்குப் பழைய மொறுமொறுப்பு கொஞ்சம் திரும்பும். அடிக்கடி செய்வதாக இருந்தால் மாவு உருண்டைகளை மட்டும் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள், பழத்தை அன்றன்றைக்கு நறுக்கலாம்.

தட்டைத் தேய்க்க அவசரப்பட வேண்டாம். குழிகளில் வெந்நீர் ஊற்றி 15 நிமிடம் விட்டால் பாகு தானாகக் கரைந்து வந்துவிடும். கரையும் முன் விளிம்பில் ஒட்டியிருக்கும் பாகுத் துணுக்குகளைக் கரண்டி முனையால் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வது சுட்டவர் உரிமை.